விருந்தாளியாகப் பதினெட்டுக் குழி

ராயபுரத்தில் கிளம்பி எண்ணூர் முகத்துவாரம் வரை நடந்தாலும் ஒரு கோல்ஃப் மைதானம் கண்ணில் படாது. துறைமுகம், கண்டெய்னர் யார்டு, மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் லாரித் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் என்று இருந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. நம் பக்கத்து ஆட்டங்கள் வேறு: கால்பந்து, குத்துச்சண்டை, கேரம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான்.

ஆனாலும் கோல்ஃப் அழைப்பு மட்டும் வடசென்னைக்கும் வந்துவிடுகிறது. ஷிப்பிங் கம்பெனியில் இருப்பவருக்கு, கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜெண்டுக்கு, தொழிற்சாலையில் கொள்முதல் பார்க்கும் மேலாளருக்கு எப்போதாவது ஒரு போன் வரும்: “சண்டே காலைல ஃப்ரீயா? ஒரு ரவுண்டு போகலாம் வாங்க.” யோசிக்காமல் “வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு வியர்ப்பவருக்காகத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குள் தனியார் கிளப் கோல்ஃப் என்றால் நெடுங்காலம் இரண்டே முகவரிகள்தான். ஒன்று கிண்டி. 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் மைதானம் அங்கே ரேஸ் கோர்ஸின் ஓடுபாதைக்கு உள்ளேயே இருந்தது. குதிரை சுற்றி ஓடும், பந்து நடுவில் பறக்கும். அந்த ரேஸ் கோர்ஸ் நிலம் 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட 160 ஏக்கர். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. ராயபுரத்தில் ஒற்றை அறை வீட்டுக்கு ஒரு மாதம் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு என்பதை இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. வாடகை உயர்வு பற்றிய வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, 9ஆம் தேதி நிலத்துக்குச் சீல் வைத்தது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா வரும் என்று அறிவித்தார்கள். ஆகவே இணையத்தில் கிடக்கும் பழைய படங்களை நம்பி மட்டையும் கையுமாகக் கிண்டிக்குப் போய் நிற்காதீர்கள்.

இன்னொரு முகவரி நந்தனம். இது காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் கிளை. தமிழ்நாடு கோல்ஃப் ஃபெடரேஷனும் இதில் சேர்ந்திருப்பதால் டிஎன்ஜிஎஃப்-காஸ்மோ என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். 1873இல் காஸ்மோபாலிட்டன் கிளப்பைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே கூரையின் கீழ் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தக் காலத்து மெட்ராஸ் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக முடியாது. சுதந்திரம் வந்த பிறகும் அந்தக் கதவு திறக்கப் பல வருடம் ஆயிற்று. உங்களை அழைப்பவர் அநேகமாக நந்தனத்துக்குத்தான் அழைப்பார். ஊட்டி, கொடைக்கானல் மைதானங்கள் வேறு கதை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. அங்கே புல்வெளியில் காட்டெருமை மேயும். பந்து அதன் காலடியில் கிடந்தால் போய் எடுக்க வேண்டியதில்லை. ஆபத்தான பிராணிக்குப் பக்கத்தில் நின்று ஆடச் சொல்ல விதிக்கே மனம் வரவில்லை. தண்டனை இல்லாமல் வேறு இடத்தில் பந்தைப் போட்டுக்கொள்ளலாம்.

நந்தனம் போக வடசென்னைக்காரருக்கு இருக்கும் வசதி தென்சென்னையில் பலருக்கு இல்லை. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் நீலவழித் தடத்தில் நந்தனம் ஒரு நிறுத்தம். வண்டி மாறவே வேண்டாம். திருவொற்றியூர் தேரடியிலோ காலடிப்பேட்டையிலோ டோல்கேட்டிலோ ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே பாதை நீண்ட பிறகு வந்த சௌகரியம் இது. ராயபுரத்துக்காரர் வண்ணாரப்பேட்டை வரை ஆட்டோ பிடித்தால் போதும். ஆனால் டீ டைம், அதாவது முதல் பந்தை அடிக்கும் நேரம், ஆறு மணி என்றால் மெட்ரோவை நம்பாதீர்கள். முதல் வண்டி ஐந்து மணிக்குத்தான் கிளம்பும், முக்கால் மணி நேரப் பயணம், இறங்கி வேறு போக வேண்டும். உடை மாற்றி, காசோலையில் கையெழுத்துப் போடுவது போல ஒரு பதிவேட்டில் பெயர் எழுதி, நாலு பந்தாவது அடித்துக் கையைத் தளர்த்த அரை மணி நேரம் வேண்டும். அந்த ஒரு நாளைக்கு காரோ டாக்ஸியோ பாருங்கள். பேசின் பாலம் பக்கம் லாரி நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உடை விஷயத்தில் கிளப்புகள் கறார். காலர் வைத்த டி-ஷர்ட், அதைப் பேண்டுக்குள் விட்டிருக்க வேண்டும். ஜீன்ஸ் கூடாது, ரவுண்டு நெக் கூடாது, செருப்பு கூடவே கூடாது. அரைக்கால் சட்டைக்கு அனுமதி உண்டா என்பது கிளப்புக்குக் கிளப் மாறும், அழைத்தவரிடம் கேளுங்கள். கோல்ஃப் ஷூ இல்லையென்றால் அடிப்பாகம் வழுக்காத சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். வேட்டி? சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது: வேட்டியைக் காரணம் காட்டி யாரையாவது தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். விருந்துக்கு வேட்டியில் போங்கள், நானே கைதட்டுகிறேன். மட்டை வீசப் போகும்போது மட்டும் பேண்ட் போடுங்கள். பங்க்கர் என்ற மணல் பள்ளத்தில் இறங்கி ஏறுகையில் மடித்துக் கட்ட நேரம் இருக்காது.

மட்டைகள் பதினான்கு வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. புதியவருக்கு ஐந்தே போதும்: தூரத்துக்கு ஒரு ஹைபிரிட், நடுத்தரத்துக்கு ஏழாம் எண் அயர்ன், கிட்டத்தில் தூக்கிப் போட ஒரு வெட்ஜ், மணலுக்கு ஒரு சாண்ட் வெட்ஜ், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் உருட்டப் பட்டர். டிரைவர் என்ற பெரிய தலை மட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். முதல் டீயில், அதாவது முதல் குழிக்கு ஆட்டம் தொடங்கும் இடத்தில், நாலு பேர் பார்க்க அதை ஓங்கி வீசிப் பந்தை வலப்பக்கம் மரத்துக்குள் அனுப்பாத புது ஆளை நான் பார்த்ததில்லை. விலை உயர்ந்த பந்து வேண்டாம். மலிவான பந்து ஒரு டஜன் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பேனாவால் ஓர் அடையாளம் போடுங்கள். அடையாளம் இல்லாத பந்தை உங்களுடையது என்று நிரூபிக்க முடியாது. தவறான பந்தை அடித்தால் இரண்டு அடி தண்டனை. சட்டைப்பையில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. கிரீனில் பந்து இருந்த இடத்தைக் குறிக்க அதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: அழைத்தவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். “சார், நான் புதுசு. பிராக்டிஸ் ரேஞ்சுல கொஞ்சம் அடிச்சிருக்கேன், அவ்வளவுதான்” என்று முதலிலேயே சொன்னால் அவர் அதற்கேற்ற கூட்டத்தோடு, கூட்டம் குறைந்த நேரத்தில் இடம் பிடிப்பார். ஒரு தடவைகூட மட்டை பிடிக்காதவர் என்றால் நேரடியாக ரவுண்டுக்குப் போகவே வேண்டாம். பயிற்சித் திடலில் ஒரு கோச்சிடம் சில வாரம் அடித்துவிட்டு வருவதாகச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வேகம்தான் மரியாதை

நீங்கள் மோசமாக ஆடுவதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட மாட்டார்கள். மெதுவாக ஆடினால் மைதானம் முழுக்கக் கவலைப்படும். நாலு பேர் சேர்ந்த குழு பதினெட்டுக் குழியையும் முடிக்கச் சுமார் நாலு, நாலரை மணி நேரம் ஆகும். உங்களுக்குப் பின்னால் பத்து நிமிட இடைவெளியில் அடுத்த குழு வந்துகொண்டிருக்கும். துறைமுகத்தில் பெர்த் பிடித்த கப்பல் நகராவிட்டால் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். அதே கணக்குத்தான் இங்கேயும். ஓர் அடிக்கு நாற்பது விநாடிக்குமேல் எடுக்காதீர்கள் என்று விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. மற்றவர் அடிக்கும்போதே உங்கள் தூரத்தைக் கணித்து, மட்டையைத் தேர்ந்துவிடுங்கள். ஒத்திகை வீச்சு ஒன்று போதும். பந்து காணாமல் போனால் தேட மூன்றே நிமிடம். 2019க்கு முன் ஐந்தாக இருந்ததை வேகத்துக்காகவே குறைத்தார்கள்.

புதியவரைக் காப்பாற்றும் கணக்கு முறை ஒன்று உண்டு, ஸ்டேபிள்ஃபோர்டு என்று பெயர். மொத்த அடிகளைக் கூட்டாமல் குழிக்குக் குழி புள்ளி கொடுக்கும் முறை இது. ஒவ்வொரு குழிக்கும் ‘பார்’ என்று ஓர் எண் இருக்கும். நல்ல ஆட்டக்காரர் இத்தனை அடியில் முடிப்பார் என்ற எதிர்பார்ப்பு அது. 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்த பிறகு, தொடக்கநிலைக்காரருக்கு 54 வரை சலுகை கிடைக்கும். பதினெட்டுக் குழிக்கு 54 என்றால் குழிக்கு மூன்று அடி சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பார் நாலு உள்ள குழியில் நீங்கள் ஏழில் முடித்தால், மூன்றைக் கழித்து நாலு; இரண்டு புள்ளி. எட்டில் முடித்தால் ஒரு புள்ளி. ஒன்பது ஆகிவிட்டால் பூஜ்யம். அதாவது எட்டாவது அடியும் குழியில் விழவில்லையென்றால் இந்தக் குழியில் உங்களுக்கு இனி எதுவும் கிடைக்கப்போவதில்லை. குனிந்து பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே அடுத்த டீக்கு நடங்கள். அப்படிப் பந்தை எடுக்கத் தெரிந்தவரைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே போகிறவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

விதிகளில் நாலைந்து தெரிந்தால் நாள் ஓடிவிடும். வெள்ளைக் குச்சிக்கு வெளியே போனால் பந்து எல்லை தாண்டியது. ஓர் அடி தண்டனையோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். அதனால் சந்தேகம் வந்த உடனே, “புரொவிஷனல்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் பிறகு நடங்கள். திரும்பி நடந்துவர நேரம் மிச்சம். சிவப்புக் குச்சி என்றால் தண்ணீரோ ஓடையோ: ஓர் அடி தண்டனை, பந்து எல்லைக்குள் நுழைந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீருக்குத் தண்டனை கிடையாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த ஒரு விதி மட்டும் உங்களுக்கு அடிக்கடி உதவும். நின்ற பந்தைக் காக்கா தூக்கிப் போனால் பழைய இடத்திலேயே இன்னொரு பந்தை வைக்கலாம். கொழும்பில் 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் நடுவே ரயில் பாதை போகிறது. ஓடுகிற பந்து ஓடுகிற ரயிலில் மோதித் திரும்பினால் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே ஆட வேண்டும். ரயில்வே கேட்டில் நின்று பழகியவருக்கு அந்த மைதானம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கிரீனில் நடத்தை கொஞ்சம் நுணுக்கம். குழியின் அகலம் நாலேகால் அங்குலம்தான். அதை நோக்கி ஒருவர் குனிந்து நிற்கும்போது அவருடைய பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள கோட்டை மிதிக்கக் கூடாது, அதன்மேல் உங்கள் நிழலும் விழக் கூடாது. அவருக்கு நேர் பின்னாலும் நிற்காதீர்கள். உங்கள் பந்து விழுந்து பள்ளமான இடத்தைச் சிறு முள்கருவியால் ஓரத்திலிருந்து நடுநோக்கி நெருக்கி மூடுங்கள். நெம்பித் தூக்கினால் வேர் அறுந்துவிடும். பங்க்கரில் உங்கள் காலடித் தடத்தை வாருகோலால் சமன் செய்துவிட்டு வெளியே வாருங்கள். பந்து யார் பக்கமாவது பறந்தால் வெட்கப்படாமல் “ஃபோர்!” என்று கத்துங்கள். கிளப்பில் சத்தம் போடக் கடமைப்பட்ட ஒரே தருணம் அது. போன் சைலண்டில் இருக்கட்டும். வெசல் வந்துவிட்டது என்று ஆபரேஷன்ஸிலிருந்து அழைத்தாலும் கிரீனை விட்டு இறங்கிய பிறகு பேசுங்கள்.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரருக்கு வகுப்பெடுக்க வேண்டாம். ஆனால் நிழலில்லாத இடத்தில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை என்பது யார்டில் நிற்பதைப் போன்றதல்ல. மே, ஜூனில் கடல் காற்று உள்ளே வரப் பிற்பகல் ஆகிவிடும். நந்தனத்துக்கு அது ராயபுரத்தைவிடத் தாமதம். அதற்குள் பதினெட்டாவது குழியைத் தாண்டிவிடுங்கள். ஒன்பது குழி முடிந்ததும் தலை சுற்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்வது அவமானமில்லை. உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ எடுத்துப் போங்கள், தொப்பியை மறக்காதீர்கள்.

கேடி சொல்வதைக் கேளுங்கள்

பையைத் தூக்கிக்கொண்டு உங்களோடு நடந்து வருபவர் கேடி. பெரும்பாலும் அந்த மைதானத்திலேயே வளர்ந்தவராக இருப்பார். கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது, எந்த மரத்துக்குப் பின்னால் பந்து தொலைந்தால் கிடைக்காது, உங்கள் வீச்சில் எது தப்பு, எல்லாம் அவருக்கு மூன்றாவது குழிக்குள் தெரிந்துவிடும். ‘தம்பி’ என்றோ ‘அண்ணே’ என்றோ வயதுக்கேற்பக் கூப்பிடுங்கள்; சொடக்குப் போட்டுக் கூப்பிடும் கனவான்களும் உண்டு, அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டாம். “ஏழு எடுங்க சார், காத்து எதிர்ல இருக்கு” என்று அவர் சொன்னால் ஏழையே எடுங்கள்.

இந்தியாவில் இந்த ஆட்டத்தின் பெரிய கதைகள் உறுப்பினர் அறையில் பிறந்தவை அல்ல. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கி வளர்ந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற சி.முனியப்பா பெங்களூருவில் கேடியாக இருந்தவர். தனியார் கிளப்புகளைப் பற்றி எனக்குள்ள குறையும் இதுதான்: தலைமுறைகளாகப் புல்லைப் பராமரித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்க வாரத்தில் சில மணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம். அரசு நிலத்தில் நடக்கும் கிளப்புகளிடம் அதைக் கேட்பது தவறாகாது. நகரத்தில் இனி எந்தப் பூங்கா வந்தாலும் அதன் ஒரு மூலையில், டிக்கெட் எடுத்து யாரும் பந்தடிக்க ஒரு பயிற்சித் திடல் வைத்தால் இந்த அத்தியாயத்தில் பாதி தேவைப்படாது.

தொழில் பேச்சு எப்போது? பலரும் அதற்காகத்தான் போகிறார்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நடக்கும்போது டெமரேஜ் தகராறையும் சரக்குக் கட்டணத்தையும் எடுக்காதீர்கள். அவராக ஆரம்பித்தால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புங்கள். முடிந்ததும் கிளப்பில் காபியோ காலை உணவோ இருக்கும், அங்கே பேசிக்கொள்ளலாம். குழிக்கு இத்தனை என்று பந்தயம் கட்டுவார்கள். “இன்னைக்கு வேண்டாம் சார், கத்துக்கறேன்” என்றால் வற்புறுத்த மாட்டார்கள்.

பில் கொடுக்க முந்தாதீர்கள். பல கிளப்புகளில் விருந்தாளியின் பணத்தை வாங்கவே மாட்டார்கள், உறுப்பினர் கையெழுத்துத்தான் செல்லும். விருந்தாளிக் கட்டணம் சில ஆயிரம் வரை போகலாம், அதையும் அவரே ஏற்றிருப்பார். பதிலுக்கு ஒரு டப்பா பந்தோ, நம் பக்கத்து நல்ல மீன் சாப்பாடோ உகந்தது. உறுப்பினர் ஆவது எப்படி என்று முதல் நாளே கேட்காதீர்கள். காத்திருப்புப் பட்டியல் பல ஆண்டு நீளும் விவகாரம், கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சங்கடம். கேடியின் கூலி மட்டும் வேறு. அது கணக்கில் சேருமா, கையில் தர வேண்டுமா, எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன்பே அழைத்தவரிடம் கேட்டு வையுங்கள். அதற்கு மேல் உங்கள் அன்பளிப்பைச் சில்லறை தேடாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.